புள்ளிக்குப் பின்னால் வரும் எண்

2025 ஜூன் 1-ம் தேதி முதல் ஜி.எஸ்.டி. மின்-விலைப்பட்டியல் பதிவில் ஒரு மாற்றம் வந்தது. வியாபாரி தன் பில் எண்ணை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அனுப்பினாலும் சரி, பெரிய எழுத்தில் அனுப்பினாலும் சரி, இரண்டையும் கலந்தடித்து அனுப்பினாலும் சரி, பதிவுத் தளம் அனைத்தையும் பெரிய எழுத்தாக்கிக்கொண்டு அதன் பிறகே பதிவு எண் வழங்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். படிவத்தில் ஒரு கட்டம் கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஏப்ரலிலேயே அறிவிப்பும் கொடுத்துவிட்டார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியைப் பேசும் நமக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது.

விஷயம்தான். ஆண்டு வரவு 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரி, இன்னொரு வியாபாரிக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் இந்தத் தளத்தில் பதிந்து, 64 எழுத்துகள் கொண்ட ஒரு பதிவு எண்ணை வாங்கியாக வேண்டும் (2023 ஆகஸ்ட் முதல் இந்த வரம்பு). அந்த எண் இல்லாத பில் சட்டத்தின் கண்ணில் பில்லே அல்ல. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் ஒரு கணித அரவை இயந்திரத்தில் போட்டு எடுப்பதுதான் அந்த 64 எழுத்து. உள்ளே போகும் ஓர் எழுத்து மாறினால் வெளியே வரும் 64-ம் தலைகீழாகும். இந்த அரவை ரகசியம் ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் அரைத்துப் பார்க்கலாம். ஆகவே, பில் போடும் சாஃப்ட்வேரை எழுதிய ஒரு கவனமான புரோகிராமர், தளம் அனுப்பும் எண்ணைத் தானும் ஒருமுறை கணக்கிட்டுச் சரிபார்க்கும்படி எழுதியிருந்தால், ஜூன் 1-ம் தேதி காலை அந்தக் கவனமே அவருக்கு வினையாகும். அவருடைய கணக்கில் சின்ன எழுத்து. தளத்தின் கணக்கில் பெரிய எழுத்து. ‘பொருந்தவில்லை’ என்று திரையில் சிவப்பாக வரும்.

லூதியானாவின் கம்பளிக் கடையோ, சூரத்தின் சேலைக் கடையோ, திருப்பூரின் பனியன் கம்பெனியோ, உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“நேத்து ராத்திரி வரைக்கும் ஓடிச்சே, தம்பி?”

“நாங்க எதையும் தொடலை, அண்ணாச்சி. அவங்க பக்கம் ஏதோ சின்ன மாத்தமாம்.”

“லோடு ஏத்தி வண்டி நிக்குது. சின்ன மாத்தமாம்ல!”

இதில் தம்பி சொல்வது உண்மை, அண்ணாச்சியின் கோபமும் நியாயம். மாற்றியவர்கள் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. மாதாந்திரக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1-ல் ஏற்கெனவே எழுத்து பேதம் பார்ப்பதில்லை. இரண்டும் ஒத்துப்போக வேண்டாமா? எழுத்தின் உருவத்தை மட்டும் மாற்றி ஒரே பில்லுக்கு இரண்டு பதிவு எண் வாங்கும் வழியும் இதனால் அடைபட்டது. ஆக, அவர்கள் செய்தது நல்ல காரியம். இருந்தும் வண்டி நின்றுவிடக்கூடும் என்பதுதான் இந்த வாரம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

இரண்டு கம்ப்யூட்டர் புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வகுத்துக்கொண்ட முறைக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அரசு அலுவலகக் கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ன படிவத்தில், இன்ன கட்டங்களை நிரப்பி, இன்ன ஜன்னலில் நீட்டினால் இன்ன ரசீது வரும். ஜன்னலுக்கு உள்ளே இருப்பது சர்வர். வெளியே வரிசையில் நிற்பது கிளையன்ட். உள்ளே இருப்பவர் ஒருவர். வெளியே நிற்பவர்கள் ஆயிரம், பத்தாயிரம், சில ஏ.பி.ஐ.களுக்கு லட்சம். உங்கள் போனில் பணம் அனுப்புகிற, ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கிற, டாக்ஸி கூப்பிடுகிற ஒவ்வொரு செயலியும் இப்படி ஏதோ ஒரு ஜன்னலின் முன்னால் நிற்கிற கிளையன்ட்தான்.

ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் அவ்வப்போது விதிகளை மாற்றுவார். மாற்றத்தின் அளவைக் காட்டப் பதிப்பு எண் உண்டு. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிவைத்த வழக்கம்தான் இன்று பரவலாக இருப்பது. மூன்று எண்கள், நடுவே புள்ளிகள். முதல் எண் ஏறினால் பழையது உடையும், ஜாக்கிரதை. நடு எண் ஏறினால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது, பழையது அப்படியே ஓடும். கடைசி எண் ஏறினால் பிழை திருத்தம். நடு எண் ஏறுவதைத்தான் ‘சின்ன மாற்றம்’ என்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘பழையது அப்படியே ஓடும்’ என்ற உறுதி ஏ.பி.ஐ. ஆவணத்தில் எழுதியிருப்பவற்றுக்கு மட்டுமே செல்லும். எழுதாமல் நடந்துகொண்டிருந்தவற்றுக்கு அல்ல. கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்ற பொறியாளரின் பெயரால் ஒரு ‘விதி’ வழங்குகிறது: பயன்படுத்துபவர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது முக்கியமில்லை, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்பது அதன் சாரம். பில் எண் அனுப்பிய எழுத்திலேயே அரைக்கப்படும் என்று நம்பியிருந்தவர் மாதிரி.

மாற்றம் சின்னதா பெரியதா என்று பெயர் வைப்பவர் உள்ளே இருக்கிறார். விலை கொடுப்பவர் வெளியே நிற்கிறார். கிளையன்ட் எழுதுபவர் இந்த ஏற்பாட்டை மாற்ற முடியாது. தான் எதையெல்லாம் நம்பி நிற்கிறோம் என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கலாம்.

அதிலும் முதலில், அந்த எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் சரித்திரத்தில் பெரிய பெரிய கம்பெனிகளை இது ஆட்டிப்படைத்திருக்கிறது. விண்டோஸ் 3.1 காலத்தில் அதன் எண் உள்ளுக்குள் 3.10 என்றே இருந்தது. அந்தக் கால புரோகிராமர்கள் பலர், ‘முதல் எண் 3-க்குக் குறையாமல், இரண்டாவது எண் 10-க்குக் குறையாமல் இருந்தால்தான் ஓடுவேன்’ என்று எழுதினார்கள். வெளித் தோற்றத்துக்குச் சரிதான். பிறகு விண்டோஸ் 95 வந்தது. அதன் உண்மையான எண் 4.0. முதல் எண் 4, பாஸ். இரண்டாவது எண் பூஜ்யம், ஃபெயில். ‘உங்களிடம் இருப்பது பழைய விண்டோஸ்’ என்று புத்தம்புது விண்டோஸிடமே சொல்லின அந்தப் புரோகிராம்கள். மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? பழைய 16-பிட் புரோகிராம்கள் கேட்டால் மட்டும் ‘என் எண் 3.95’ என்று பொய் சொல்லும்படி விண்டோஸ் 95-ஐப் பழக்கியது!

அதோடு நின்றதா என்றால் இல்லை. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ன் உள் எண் 7 அல்ல, 6.1. முந்தைய விஸ்டா 6.0 என்பதால், முதல் எண்ணை மட்டும் பார்க்கிற புரோகிராம்கள் மிரளாமல் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. அதே ஆண்டு ஓபரா பிரவுசர் பத்தாம் பதிப்பைத் தொட்டது. பல இணையதளங்கள் பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்து, ‘ஓபரா 1’ என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்தின. வேறு வழியின்றி ஓபரா தன்னை 9.80 என்று அறிமுகம் செய்துகொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் போட்டுக்கொண்டது. 2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வந்தபோதும் இதே கூத்து. முதல் மூன்று எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்த புரோகிராம்களுக்கு அது 3.1 ஆகத் தெரிந்தது. பத்து வருடத்துக்கு மேல் பழைய பைத்தான்.

நமக்கு ரூபாய், பைசா பழக்கம். 3.9-ஐவிட 3.10 சிறியது என்று கை தானாக எழுதிவிடும். பதிப்பு எண் தசமம் அல்ல. தெருவில் 3/9, 3/10 என்று கதவு எண் போடுகிறார்களே, அந்த ஜாதி. புள்ளிக்கு இரு புறமும் தனித்தனி முழு எண்களாகப் பிரித்து, இடமிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இன்னும் நல்லது, எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல் இருப்பது. இன்ன வசதி உன்னிடம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வழியிருந்தால் அதைக் கேட்பதே உத்தமம்.

எண் இருக்கட்டும். சின்ன மாற்றம் என்ற தலைப்பில் உள்ளே இருப்பவர்கள் எதையெல்லாம் செய்வார்கள்? இதில் அமெரிக்காவின் ஸ்ட்ரைப் கம்பெனியைப் பாராட்ட வேண்டும். இணையத்தில் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம் அது. எவற்றையெல்லாம் உடைக்காத மாற்றமாகக் கருதுவோம் என்று பகிரங்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பதிலில் புதுக் கட்டங்கள் சேரலாம். கட்டங்களின் வரிசை மாறலாம். கோரிக்கையில் விருப்பப்பட்டால் நிரப்பக்கூடிய கட்டங்கள் வரலாம். அடையாளக் குறிகளின் நீளமும் அமைப்பும் மாறலாம். புது வகை நிகழ்ச்சி அறிவிப்புகள் வரலாம். எந்த ஏ.பி.ஐ.யோடு வேலை செய்பவரும் இதைப் படித்துவிட்டு, தன் கிளையன்ட்டில் இவற்றில் எது நடந்தால் நாற்காலி ஆடும் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து யோசிக்கலாம்.

அடையாளக் குறி சமாச்சாரம் லேசானதல்ல. கிட்ஹப் வழங்கும் ரகசியக் குறி ரொம்ப நாளாக 40 எழுத்தாக இருந்தது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களும், ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் மட்டுமே. 2021 ஏப்ரலில் அதன் அமைப்பை மாற்றினார்கள். முன்னொட்டும் அடிக்கோடும் சேர்ந்தன. 255 எழுத்து வரை நீளக்கூடும், இடம் விட்டு வையுங்கள் என்றும் எச்சரித்தார்கள். ‘40 எழுத்து, அதுவும் இந்த 16-க்குள்’ என்று காவல் போட்டிருந்த கிளையன்ட், சரியான சாவியோடு வந்தவரையே வாசலில் தடுத்து நிறுத்தும்.

ட்விட்டர் கதை இதைவிடச் சுவாரஸ்யம். 2010-ல் அவர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் தரும் எண்ணைப் பெரிதாக்கினார்கள். ஆனால் பிரவுசர்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியால் ஏறக்குறைய 16 இலக்கம் வரைதான் முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியும். அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்களைச் சத்தமில்லாமல் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். பிழைச் செய்தி கிடையாது. ஒருவரின் பதிவுக்கு அனுப்பிய பதில் வேறு எங்கோ போய்ச் சேரும், அல்லது எங்குமே சேராது. ட்விட்டர் அதே எண்ணை எழுத்துச்சரமாகவும் தரும் ஒரு புதுக் கட்டத்தைச் சேர்த்தது. ‘ஒரு கட்டம் கூடியிருக்கிறது’ என்ற வரியைப் படித்து, ஏன் கூடியது என்று விசாரித்தவர்கள் பிழைத்தார்கள். அடையாள எண் என்பது கூட்டிக் கழிக்கிற எண் அல்ல. வங்கிக் கணக்கு எண்ணை யாராவது இரண்டால் வகுப்பார்களா? அதை எழுத்தாகவே வாங்கி, எழுத்தாகவே வைத்து, எழுத்தாகவே திருப்பித் தருவதுதான் முறை.

புதுக் கட்டம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-லேயே பதில் சொல்லிவிட்டார். அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்று சுருக்கலாம். தெரியாத கட்டம் வந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக வேண்டும். ஆனால் கருவிகள் எல்லாம் இதற்கு ஒத்துழைப்பதில்லை. ஜாவா மொழிக்காரர்கள் பதில்களைப் பிரித்தெடுக்கப் பரவலாகப் பயன்படுத்தும் ‘ஜாக்சன்’ நூலகம், அதன் இரண்டாம் பதிப்பு வரிசையில், தெரியாத கட்டம் ஒன்றைக் கண்டால் மொத்தப் பதிலையும் நிராகரிப்பதையே இயல்பு நிலையாக வைத்திருக்கிறது. அதை மாற்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எழுதாததால் நள்ளிரவில் எழுப்பப்பட்ட புரோகிராமர்கள் இந்த நாட்டில் ஏராளம் இருப்பார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

தாண்டிப் போவதிலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கிளையன்ட் ஒரு வாடிக்கையாளரின் விவரத்தை வாங்கி, தொலைபேசி எண்ணை மட்டும் திருத்தி, முழு விவரத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். போன வாரம் ஜன்னலுக்கு உள்ளே ‘மொழி’ என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. உங்கள் கிளையன்ட்டுக்கு அது தெரியாது; வாங்கும்போதே உதறிவிட்டது. திருப்பி அனுப்பும் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. முழுப் படிவத்தையும் மாற்றிவைக்கிற ஏ.பி.ஐ. என்றால், வேறொருவர் நிரப்பியிருந்ததை நீங்கள் அழித்துவிட்டீர்கள். கூகுளின் புரோட்டோபஃப் என்ற தகவல் வடிவமே இதில் கையைச் சுட்டுக்கொண்டது. அதன் மூன்றாம் தலைமுறை, தெரியாத கட்டங்களை உதறிவிடும்படி வந்தது, 2017-ல் 3.5 பதிப்பில் ‘இல்லை, பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடு’ என்று மாற்றினார்கள். முடிந்தால் திருத்திய கட்டத்தை மட்டும் அனுப்புங்கள். முடியாவிட்டால் தெரியாததையும் பொட்டலமாகக் கட்டிவைத்துத் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது பணம். இங்கேதான் நான் போஸ்டல் அவர்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

பணம் அனுப்பும் ஏ.பி.ஐ. ஒன்று மூன்று பதில்கள் தருகிறது: வெற்றி, தோல்வி, நிலுவை. யு.பி.ஐ. பயன்படுத்தும் எல்லோருக்கும் இந்த மூன்றும் பழக்கம்; மூன்றாவது வரும்போது வயிற்றில் புளி கரைவதும் பழக்கம். கிளையன்ட் எழுதியவர் இப்படி எழுதுகிறார்: வெற்றி என்றால் பொருளை அனுப்பு, நிலுவை என்றால் காத்திரு, மற்றபடி எதுவானாலும் தோல்வி. இரண்டு வருடம் பிரமாதமாக ஓடுகிறது. ஒருநாள் சின்ன மாற்றம் ஒன்று வருகிறது. நான்காவது பதில்: ‘பரிசீலனைக்கு நிறுத்தப்பட்டது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து போய்விட்டது. எங்கோ நடுவழியில் நிற்கிறது. கிளையன்ட்டுக்கு அந்த வார்த்தை தெரியாது. ‘மற்றபடி’ என்ற வாசலுக்குள் நுழைகிறது. ‘தோல்வி, மீண்டும் முயலவும்’ என்று திரையில் காட்டுகிறது. நல்ல மனிதர் மீண்டும் முயல்கிறார். மாதச் சம்பளக்காரர் ஒருவரின் பள்ளிக் கட்டணம் இரண்டு முறை போகிறது. எந்தப் புரோகிராமும் உடையவில்லை, எங்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

தெரியாத கட்டத்தை அலட்சியம் செய்யலாம். தெரியாத மதிப்பை அலட்சியம் செய்யக் கூடாது. முன்னது யாரோ கொடுத்த உபரித் தகவல். பின்னது நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில், உங்களுக்குத் தெரியாத மொழியில். அதை ‘இல்லை’ என்று மொழிபெயர்க்க யார் உரிமை கொடுத்தார்கள்? வெற்றி என்றும் எடுத்துக்கொள்ளாதே, தோல்வி என்றும் எடுத்துக்கொள்ளாதே. ‘தெரியவில்லை’ என்று ஒரு தனி அறை வேண்டும். அந்த அறைக்குள் போன பரிவர்த்தனைக்குப் பொருளையும் அனுப்பக் கூடாது, மறுபடி பணமும் கேட்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து நிலவரத்தை மட்டும் விசாரிக்க வேண்டும். ஒரு மனிதனுக்குத் தகவல் போக வேண்டும். மீண்டும் அனுப்பியே ஆகவேண்டும் என்றால் முதல் தடவை கொடுத்த அதே குறிப்பு எண்ணோடு அனுப்ப வேண்டும், ஒழுங்கான ஏ.பி.ஐ. ஒரே குறிப்பு எண்ணுக்கு இரண்டு முறை பணம் எடுக்காது. இதெல்லாம் எழுத அரை நாள் ஆகும். டெமோவில் காட்ட முடியாத வேலை என்பதால் பெரும்பாலும் அதை யாரும் எழுதுவதில்லை.

தாராளம் என்ற பெயரில் புரியாததையெல்லாம் விழுங்கிக்கொண்டு போவது இணையத்துக்கு நல்லதல்ல என்ற கட்சி இன்று வலுத்திருக்கிறது. மார்ட்டின் தாம்சன், டேவிட் ஸ்கினாஸி இருவரும் 2023-ல் இதை ஓர் இணைய ஆவணமாகவே (ஆர்.எஃப்.சி. 9413) எழுதினார்கள். ஒருவர் செய்யும் தப்பை மற்றவர் பொறுத்துப் பொறுத்து, கடைசியில் அந்தத் தப்பே சட்டமாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதத்தின் ஒரு பகுதி. எனக்கு அதில் முக்கால்வாசி உடன்பாடு. மீதிக் கால்வாசி, கடை திறந்திருக்க வேண்டிய வியாபாரிக்காக.

கறாராக இருந்தவர்களால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. இணையப் பரிமாற்றத்தை யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்கும் பூட்டுக்கு டி.எல்.எஸ். என்று பெயர். அதன் 1.2 பதிப்பிலிருந்து 1.3-க்குப் போக வேண்டும். புள்ளிக்குப் பின்னால் ஒரே ஓர் எண். தங்களுக்குத் தெரியாத எண் வந்தால் பழைய எண்ணில் பேசலாம் என்று பதில் சொல்வதுதான் சர்வர்களின் கடமை. ஆனால் பல சர்வர்களும் நடுவழியில் உட்கார்ந்திருக்கும் காவல் பெட்டிகளும் புது எண்ணைக் கண்டதுமே இணைப்பைத் துண்டித்தன. கடைசியில், 2018 ஆகஸ்டில் வெளியான 1.3, வாசலில் ‘நான் 1.2’ என்று சொல்லி நுழைந்து, உள்ளே ஒரு தனிப் பட்டியலில் தன் உண்மைப் பெயரைக் காட்டும்படி அமைக்கப்பட்டது. விண்டோஸ் 95-ன் பொய்யேதான், இந்த முறை உலகளாவிய பாதுகாப்புத் தரத்தில்.

இதிலிருந்து கூகுளின் டேவிட் பெஞ்சமின் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பெயர் ‘கிரீஸ்’, வண்டி அச்சுக்குப் போடும் அதே கிரீஸ். குரோம் பிரவுசர் இணைப்பைத் தொடங்கும்போதே அர்த்தமில்லாத சில மதிப்புகளை வேண்டுமென்றே தூவி அனுப்பும். மறுமுனை அவற்றைத் தாண்டிப் போகப் பழகியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். ஆடாத மூட்டு துருப்பிடிக்கும் என்பதால் தினமும் ஆட்டிக்கொண்டே இருப்பது. 2020-ல் அது ஆர்.எஃப்.சி. 8701 ஆயிற்று.

இந்த கிரீஸை நம் ஊர் கிளையன்ட் எழுதுபவரும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், செலவில்லை. தன் சோதனை மேஜையில் ஒரு போலி சர்வரை வைத்து, நிஜப் பதில்களோடு ஒரு புரியாத கட்டத்தைச் சேர்த்து அனுப்பட்டும். வரிசையைக் குலைக்கட்டும். அடையாள எண்ணை இரண்டு மடங்கு நீளமாக்கட்டும். வெற்றி, தோல்வி, நிலுவை வர வேண்டிய இடத்தில் ‘வாழைப்பழம்’ என்று அனுப்பட்டும். வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டு ‘தோல்வி, மீண்டும் முயலவும்’ என்று திரையில் வந்தால், அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டாம்.

எண்ணில் சின்னதாக இருந்தும் நிஜத்தில் பெரிதான மாற்றங்கள் உண்டு. ஆதார் அடையாளச் சரிபார்ப்பு ஏ.பி.ஐ. 2.0-லிருந்து 2.5-க்குப் போனது அப்படி. முதல் எண் மாறவில்லை. ஆனால் 2018 ஜனவரியில் அறிவித்த அந்த மாற்றத்தோடு, 12 இலக்க ஆதார் எண்ணுக்குப் பதிலாக, வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண்ணை மக்கள் தரலாம் என்று ஆயிற்று. சில வகை நிறுவனங்கள் மட்டுமே ஆதார் எண்ணைத் தங்களிடம் சேமித்துவைக்கலாம், மற்றவை சேமிக்க முடியாது என்றும், பதிலாக 72 எழுத்து டோக்கன் ஒன்று வரும் என்றும் ஆயிற்று. ‘12 இலக்கம் இல்லாவிட்டால் நிராகரி’ என்று திரையிலும், 12 இலக்கத்துக்கு மட்டும் இடம் என்று தரவுத்தளத்திலும், ஆதார் எண்ணையே வாடிக்கையாளரின் அடையாளமாக வைத்து மற்ற அட்டவணைகளிலும் எழுதியிருந்தவர்களுக்கு இது வீட்டை இடித்துக் கட்டும் வேலை. ஜூன் 1 என்று கெடு வைத்தார்கள். ஒரு மாதம் தள்ளிப்போனது. எண்ணைப் பார்த்து ‘பாயின்ட் ஐந்துதானே’ என்று சுற்றறிக்கையைப் படிக்காமல் விட்டவர் கதி என்னவாகும்?

சுற்றறிக்கையை யார் படிப்பது என்பதுதான் நம் நாட்டில் பெரிய கேள்வி. பெரிய கம்பெனிகளில் அதற்கென்று ஆள் உண்டு. பில் சாஃப்ட்வேர் எழுதி இருநூறு கடைகளுக்கு விற்று, அதில் ஐம்பது கடைகளிடம் வருடப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கிற இரண்டு பேர் கம்பெனியில், அறிவிப்பு மின்னஞ்சல் போய்ச் சேர்வது மூன்று வருடம் முன் வேலையை விட்டுப் போன பையனின் முகவரிக்கு. கட்டணம் கொடுக்க அண்ணாச்சிக்கு மனம் வருவதில்லை. ‘ஓடுதே, எதுக்குக் காசு?’ என்பார். ஓடிக்கொண்டிருப்பதற்குத்தான் காசு என்பதைப் புரியவைக்க வேண்டியதும் அந்த இரண்டு பேரின் வேலையே. குறைந்தபட்சம் அறிவிப்புகள் தனி நபருக்குப் போகாமல் அலுவலகப் பொது முகவரிக்குப் போகும்படி இன்றே மாற்றிக்கொள்ளலாம்.

சின்ன மாற்றங்களை உடனுக்குடன் ஏற்பதா, நின்ற பதிப்பிலேயே நிற்பதா? ஸ்ட்ரைப் 2024 முதல் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை பெயரிட்ட பெரிய வெளியீடு. நடுவே மாதாமாதம் அதே பெயரில், எதையும் உடைக்காத சின்ன வெளியீடுகள். இது இரு தரப்புக்கும் சௌகரியம். என் அபிப்பிராயம், எந்தப் பதிப்போடு பேசுகிறோம் என்பதைக் கோரிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சர்வர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடக் கூடாது. அதன் பின் மாதம் ஒருமுறை, சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பத்துப் படிகளைச் சேர்த்துவைத்து ஒரே தாவலில் தாவுகிறவர், எந்தப் படியில் கால் இடறியது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் செலவழிப்பார். மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் எந்தப் படியும் ஏற வேண்டாம். வருடக் கணக்கு முடிக்கிற நேரத்தில் கடைக்காரர் முகத்தைப் பார்க்கிற தைரியம் யாருக்கும் கிடையாது.

பழைய பதிப்புக்கு மூடுவிழா எப்போது என்பதைத் தெரிந்துகொள்ளவும் இப்போது வழி இருக்கிறது. சர்வர் அனுப்பும் ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் இரண்டு குறிப்புகளைச் சேர்க்கலாம் என்று தரம் வகுத்திருக்கிறார்கள். இந்த ஜன்னல் எந்தத் தேதியில் மூடப்படும் என்று சொல்வது ஒன்று, 2019-ல் வந்தது. இதை இனிப் புதிதாக யாரும் நம்ப வேண்டாம் என்று எச்சரிப்பது மற்றொன்று, 2025-ல் வந்தது. எல்லா சர்வர்களும் இவற்றை அனுப்புவதில்லை. அனுப்புகிற இடத்திலும் கிளையன்ட்டுகள் பதிலின் உடலை எடுத்துக்கொண்டு தலையைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. அந்த இரண்டு குறிப்புகளில் ஏதாவது ஒன்று தென்பட்டால் தேதியோடு பதிவேட்டில் எழுதி, அலுவலகப் பொது முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட ஐந்தாறு வரி புரோகிராம் போதும்.